லாரி ஹோம்ஸ் ஓவர்ரேட்டடா? சரி, உக்காந்து பேசலாம்

வந்த கேள்வி: "ஹெவிவெயிட் பாக்ஸிங்ல அலி, ஃபோர்மேன், டைசன்னு பேசும்போது லாரி ஹோம்ஸ் பேரை எதுக்கு நடுவுல சொருகுறீங்க? ரிட்டயர் ஆகி வீட்ல இருந்த அலிய கூட்டிட்டு வந்து அடிச்சார். ஆளே இல்லாத காலத்துல சாம்பியனா இருந்தார். நிஜமான ஆளா டைசன் வந்ததும் 4வது ரவுண்டுல படுத்துட்டார். சுத்த ஓவர்ரேட்டட். மறுக்க முடியுமா?"

மார்ச் 3, இரவு 11:20

முடியும். தூக்கம் போச்சு, அதனால இப்பவே.

முதல்ல அந்த கிழவர் கதை. 1980 அக்டோபர்ல அலிக்கு வயசு 38, ரிங்குல இறங்கி 2 வருஷம் ஆச்சு, தைராய்டு மாத்திரை வேற போட்டுட்டு வந்திருந்தார். இதையெல்லாம் சொல்லி "அது அலியே இல்ல"ன்னு நாம எல்லாருமே சொல்றோம், நானும் சொல்வேன். சரி. 1988 ஜனவரில டைசன் முன்னாடி நின்னப்போ ஹோம்ஸுக்கு என்ன வயசு? அதே 38. கடைசியா சண்டை போட்டு எவ்ளோ நாள் ஆச்சு? 21 மாசம். அலிக்கு ஒரு படி, ஹோம்ஸுக்கு ஒரு படின்னு அளக்குறீங்களே, எந்த ஊர் நியாயம் இது?

75 ஃபைட்ல ஹோம்ஸை நாக்அவுட் பண்ணது டைசன் ஒருத்தர்தான், அதையும் சேர்த்துக்கோங்க. 1978ல இருந்து 1985 வரைக்கும் சாம்பியன், 20 தடவை டைட்டிலைக் காப்பாத்தினவர், அவருக்கு முன்னாடி அதைவிட அதிகமா செஞ்சது 25 தடவை செஞ்ச ஜோ லூயிஸ் மட்டும்தான். ஏர்னி ஷேவர்ஸ்கிட்ட 78ல அடி வாங்கி விழுந்து எழுந்து வந்து ஜெயிச்ச ஆளைப் போய் ஓவர்ரேட்டட்ங்கறீங்க.

மார்ச் 4, காலை 6:50

திருத்தம். ஷேவர்ஸ்கிட்ட விழுந்தது 78ல இல்ல, 79 செப்டம்பர்ல நடந்த ரெண்டாவது ஃபைட்ல. 78ல 12 ரவுண்டும் சும்மா தண்ணி காட்டினார். ராத்திரி கோவத்துல எழுதினா இப்படித்தான்.

விழுந்தது 7வது ரவுண்டு. அந்த ரைட் ஹேண்டைப் பாருங்க, ஹோம்ஸ் முதுகடிச்சு விழறார், தரையில மோதின வேகத்துலயே மறுபடி எழுந்துக்கறார், கால் ரெண்டும் சொன்ன பேச்சைக் கேக்கல. ஹெவிவெயிட்டுலயே பெரிய அடிக்காரர்னு ஷேவர்ஸுக்கு இன்னிக்கும் பேர் இருக்கு. அந்த அடி வாங்கிட்டு எழுந்து 11வதுல ஷேவர்ஸையே ஸ்டாப் பண்ணார்.

மார்ச் 4, மதியம் சாப்பாட்டு நேரம்

"ஆளே இல்லாத காலம்" பத்தி. கென் நார்ட்டன் ஆள் இல்லையா? அலியோட தாடையை உடைச்ச நார்ட்டன்.

1978 ஜூன் 9, லாஸ் வேகாஸ் சீசர்ஸ் பேலஸ். ஃபைட்டுக்குச் சில நாள் முன்னாடி ட்ரெயினிங்ல ஹோம்ஸுக்கு இடது கைல தசை கிழிஞ்சுடுச்சு. இடது கைதான் அவருக்கு எல்லாமே, சமையல்காரனுக்கு நாக்கு போன மாதிரி. வெளிய மூச்சு விடாம இறங்கிட்டார். 14 ரவுண்டு முடிஞ்சப்போ மூணு நடுவர்கிட்டயும் ஸ்கோர் சமம். மூணு பேர்கிட்டயும்! ஆக 15வது ரவுண்டு யாருக்கோ அவருக்குத்தான் பெல்ட்.

அந்த 3 நிமிஷத்தை நான் ஒரு 40 வாட்டி பார்த்திருப்பேன். தொடக்கத்துல நார்ட்டன் வெளுத்து வாங்குறார், ஹோம்ஸ் ரோப்புல சாயறார், சரி போச்சுன்னு நினைக்கும்போது ஹோம்ஸ் திருப்பி அடிக்க ஆரம்பிக்கிறார், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் தடுக்கறதையே மறந்துட்டாங்க, யார் கை யார் மூஞ்சின்னு தெரியாத அளவுக்கு, கடைசி சில செகண்டுல ஹோம்ஸ் ஒரு ரைட் போடறார் பாருங்க, நார்ட்டனோட முட்டி ஒரு தடவை மடங்கி நிமிருது. மணி அடிச்சுடுச்சு. ஸ்கோர் 143-142 ரெண்டு பேர் ஹோம்ஸுக்கு, ஒருத்தர் அதே 143-142 நார்ட்டனுக்கு.

அப்படியும் மறுநாள் ஊர் பேசினது அலிய பத்தித்தான் இருந்திருக்கும்.

மார்ச் 4, இரவு

கடைசி வரி என் கற்பனை, ஆதாரம் கேக்காதீங்க.

மார்ச் 6

"ஹோம்ஸ்கிட்ட ஜாப் தவிர என்ன இருக்கு, சும்மா தட்டிட்டே இருப்பார், போர்"னு ஒரு தம்பி கேட்டிருக்கார். ஜாப்னா முன்னாடி நீட்டி வச்சிருக்கிற கையால சட்டுன்னு நேரா போடற குத்து. தம்பி, நீங்க ஜாப் வாங்கியிருக்கீங்களா?

நான் வாங்கியிருக்கேன். எனக்கு 19 வயசு, வடசென்னைல ஒரு ஷெட்டுல மூணு மாசம் பாக்ஸிங் கத்துக்கிட்டேன் (மூணு மாசம்தான், பீத்திக்க ஒண்ணும் இல்ல). ஸ்கிப்பிங், பேக், எல்லாம் முடிச்சு நான்தான் பெரிய ஆள்னு சுத்திட்டிருந்தப்போ மாஸ்டர் ஒரு நாள் என்னை விட 8 கிலோ கம்மியான ஒரு பையனை எதுத்தாப்ல நிறுத்தினார். அவன்கிட்ட "நீ இடது கை மட்டும் போடு"ன்னார். என்கிட்ட "நீ என்ன வேணா பண்ணிக்கோ"ன்னார். கூட நின்னவனுங்க சிரிச்சப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

ரெண்டு நிமிஷம். வலின்னு சொல்ல முடியாது, ஜாப்புல வலி கம்மி. மூக்குல ஒண்ணு படும், கண்ல தண்ணி வரும், தொடைக்கலாம்னு பார்த்தா கைல க்ளவுஸ். சரி ஒரு ரைட் போடுவோம்னு மனசுல நினைச்சு தோளை அசைக்கறதுக்குள்ள மறுபடி மூக்குல ஒண்ணு. கால் எடுத்து வைக்கலாம்னு பார்த்தா இன்னொண்ணு. ஒரு யோசனையை முழுசா யோசிக்க விடல அந்தப் பாவி. க்ளவுஸ்ல இருந்து வர்ற பழைய வேர்வை நாத்தம், வாய்க்குள்ள ரத்தத்தோட உப்பு, அவன் மூஞ்சில ஒரு உணர்ச்சியும் இல்ல, கதவு தட்டுற மாதிரி தட்டிட்டே இருக்கான். நான் போட்ட ஒரே ரைட் காத்துல போச்சு, நானும் கூடவே போய் ரோப்பைப் புடிச்சேன்.

இப்போ அந்த ஜாப்பை 6 அடி 3 அங்குலம், 95 கிலோ ஆள் போடறதா நினைச்சுப் பாருங்க. ஹோம்ஸ் இடது கையை இடுப்புக்கிட்ட தொங்க விட்டிருப்பார், அங்கிருந்து வரும், வந்த வேகத்தை விட திரும்பிப் போற வேகம் ஜாஸ்தி, அதனால எதிராளிக்கு பதில் அடிக்க இடமே இல்ல. டிவில பார்க்கிற நமக்கு "சும்மா தட்டறார்". தட்டு வாங்கினவன் 10வது ரவுண்டுல ரெண்டு கண்ணும் வீங்கி எதுத்தாப்ல யார்னே தெரியாம நிப்பான்.

நாக்அவுட்டுக்கு ரீல்ஸ் இருக்கு. ஜாப்புக்கு யார் ரீல்ஸ் போடுவா?

மார்ச் 7

ஐயா தயவுசெஞ்சு டிராவிட் உதாரணத்தை எடுத்துட்டு வராதீங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள மூணு பேர் எடுத்துட்டு வந்துட்டாங்க. பொருந்தாது. டிராவிட்டை யாரும் வெறுக்கல. அவர் கிரவுண்டுக்கு வந்தா அதிகபட்சம் மக்கள் டீ குடிக்கப் போவாங்க. ஹோம்ஸ் வந்தா கூச்சல் போட்டாங்க.

1982 ஜூன் 11, ஜெரி கூனி ஃபைட். கூனி வெள்ளைக்காரர், 25 ஃபைட் 25 ஜெயம், அதுக்கு முந்தின வருஷம் நார்ட்டனை 54 செகண்டுல முடிச்சவர், ஆனா அதுக்கப்புறம் 13 மாசமா சண்டையே போடல. "வெள்ளையர்களின் நம்பிக்கை"ன்னே அவரை வித்தாங்க. பணம் ரெண்டு பேருக்கும் சரிசமம். பாக்ஸிங்ல ஒரு மரபு உண்டு, சவால் விடறவனை முதல்ல கூப்பிடுவாங்க, சாம்பியன் பேர் கடைசிலதான் வரும். நம்ம ஊர்ல தலைமை விருந்தினரை கடைசில பேச விடற மாதிரி. அன்னிக்கு ஹோம்ஸ் பேரை முதல்ல கூப்பிட்டாங்க. 4 வருஷமா சாம்பியனா இருக்கிற ஆளை. கட்டடத்து மேலெல்லாம் துப்பாக்கியோட போலீஸ், அவ்ளோ டென்ஷன் ஊர்ல.

13வது ரவுண்டுல கூனியோட ட்ரெயினரே உள்ள வந்து நிறுத்தினார். கூனி லோ ப்ளோ (இடுப்புக்குக் கீழ குத்து) அடிச்சதுக்காக அவருக்கு மொத்தம் 3 பாயின்ட் வெட்டியிருந்தாங்க. அந்த 3 பாயின்டை வெட்டலன்னா, 12 ரவுண்டு முடிஞ்சப்போ ரெண்டு நடுவர் கணக்குல கூனிதான் முன்னாடி இருந்திருப்பார்! நீங்க அந்த ஃபைட்டைப் பாருங்க, பார்த்துட்டு எனக்கு விளக்குங்க.

இதுல ஒரு நல்ல விஷயம், பின்னாடி ஹோம்ஸும் கூனியும் நல்ல சிநேகிதர்கள் ஆயிட்டாங்க. சண்டை போட்டவன் சமாதானம் ஆயிட்டான், வேடிக்கை பார்த்தவன்தான் இன்னும் பல்லைக் கடிச்சிட்டிருக்கான்.

மார்ச் 9

ரெண்டு நாளா யோசிச்சதுல கேள்வி கேட்டவர் பக்கமும் கொஞ்சம் இருக்கு. ஒத்துக்கறேன்.

1983ல மார்விஸ் ஃப்ரேசியர்னு ஒரு பையன், ஜோ ஃப்ரேசியரோட மகன், மொத்தமே 10 ஃபைட்தான் போட்டிருந்தார். அவரை ஹோம்ஸ் முதல் ரவுண்டுலயே முடிச்சார். டபிள்யூபிசி (ஆளுக்கொரு உலக பெல்ட் கொடுக்கற அமைப்புகள்ல ஒண்ணு, ஹோம்ஸ் வச்சிருந்தது அவங்க பெல்ட்) அதை டைட்டில் ஃபைட்டா ஏத்துக்கல, கொஞ்ச நாள்ல ஹோம்ஸ் அந்த பெல்ட்டையே விட்டுட்டு புதுசா ஆரம்பிச்ச ஐபிஎஃப்ங்கற இன்னொரு அமைப்பு பக்கம் போயிட்டார். அதே வருஷம் மே மாசம் டிம் விதர்ஸ்பூன்கிட்ட தப்பிச்சது மயிரிழைல, ரீமேட்ச் கொடுக்கவே இல்ல. நார்ட்டனுக்கும் கொடுக்கல. கிரெக் பேஜ், பின்க்லன் தாமஸ் ரெண்டு பேரையும் சந்திக்கல. அந்தப் பக்கம் மூணாவது அமைப்பான டபிள்யூபிஏவோட பெல்ட் கை மாறி கை மாறி ஓடிட்டே இருந்துச்சு, ஒரு தடவையும் ரெண்டையும் சேர்க்க முடியல. அப்போ அந்த டபிள்யூபிஏ பெல்ட்டை வச்சிருந்த கோட்ஸீ கூட பேசி வச்ச ஃபைட் பணத் தகராறுல நின்னு போச்சு, அது மட்டும் அவர் தப்பு இல்ல.

அதனால ஹோம்ஸோட 48-0ங்கறதுல (48 ஜெயம், தோல்வியே இல்ல) கொஞ்சம் பதர் இருக்கு. ஆனா தூத்தினா நெல்லு நிறையவே நிக்கும்: நார்ட்டன், ஷேவர்ஸ் ரெண்டு தடவை, வீவர், பெர்பிக், கூனி, விதர்ஸ்பூன், போன்க்ரஷர் ஸ்மித். இதுல வீவர், பெர்பிக், விதர்ஸ்பூன், ஸ்மித் நாலு பேரும் ஹோம்ஸ்கிட்ட தோத்த பிறகு எங்கயோ ஒரு பெல்ட் ஜெயிச்சவங்க.

மார்ச் 9, கொஞ்சம் கழிச்சு

மார்சியானோ பேச்சை எப்படி விட்டேன்.

தவளை தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க. ராக்கி மார்சியானோ 49-0ன்னு ரிட்டயர் ஆனவர். அவர் கடைசி ஃபைட் 1955 செப்டம்பர் 21. சரியா 30 வருஷம் கழிச்சு அதே செப்டம்பர் 21, 1985ல 48-0ல இருக்கிற ஹோம்ஸ், லைட் ஹெவிவெயிட்ல இருந்து ஏறி வந்த மைக்கேல் ஸ்பிங்க்ஸ் கூட மோதறார். ஜெயிச்சா 49. தோத்தார். மார்சியானோவோட தம்பி அங்கேயே இருக்கார், பிரஸ் மீட்டுல ஹோம்ஸ் என்ன சொன்னார்னா, மார்சியானோவுக்குத் தன்னோட கோமணத்தைத் தூக்கற தகுதி கூட இல்லைன்னு. செத்துப் போன மனுஷன், தம்பி முன்னாடி. பின்னாடி வருத்தம் தெரிவிச்சார், ஆனா அந்த ஒரு வரி 7 வருஷ ஆட்சியை முழுங்கிடுச்சு.

அடுத்த ஏப்ரல்ல ரீமேட்ச், அதுல ஹோம்ஸ்தான் ஜெயிச்சார்னு நான் அடிச்சு சொல்வேன், தீர்ப்பு 2-1 ஸ்பிங்க்ஸுக்கு. அங்கேயும் மைக்குல நடுவர்களைப் பத்தி அசிங்கமா ஒண்ணு.

இன்னொண்ணு இப்போதான் கவனிச்சேன். முதல் ஸ்பிங்க்ஸ் ஃபைட்ல மூணுல ரெண்டு நடுவர் போட்ட ஸ்கோர் 143-142. நார்ட்டன்கிட்ட இருந்து பெல்ட்டை வாங்கிக் கொடுத்த அதே நம்பர். ஒரு பாயின்ட்ல வந்தது ஒரு பாயின்ட்ல போச்சு. இதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல, சும்மா சொல்லணும்னு தோணுச்சு.

மார்ச் 11

கோவக்காரர்னு சொன்னதும் ஒருத்தர் "அந்த கார் வீடியோ" கேட்டிருக்கார். ஆமா, 1991ல ஃப்ளோரிடால பெர்பிக் கூட வாய்த்தகராறு, ஹோம்ஸ் நிறுத்தி வச்சிருந்த கார் மேல ஏறி ஓடி வந்து கோட்டு சூட்டோட பெர்பிக் மேல பாய்ஞ்சார். 41 வயசு முன்னாள் உலக சாம்பியன். ஸ்டன்ட் யூனியன்ல கார்டு கொடுக்கலாம். அந்த வீடியோவைப் பார்த்தவங்கள்ல பாதிப் பேர் நார்ட்டன் 15வது ரவுண்டைப் பார்த்திருந்தா இந்த விவாதமே தேவையில்ல.

அதுக்கு அடுத்த வருஷம் 42 வயசுல ஒலிம்பிக் தங்கம் வாங்கின, அதுவரைக்கும் தோக்காத ரே மெர்சரை மூலைல நின்னுக்கிட்டே பாடம் எடுத்து அனுப்பினார். அந்த ஃபைட் என் ஃபேவரிட். வேகம் போயிடுச்சு, கால் போயிடுச்சு, மண்டை மட்டும் மிச்சம் இருக்கிற மனுஷன் எப்படி ஜெயிப்பான்னு பார்க்கணும்னா அது.

மார்ச் 12

எங்க பெரியப்பா பத்திச் சொல்லியே ஆகணும், இல்லன்னா நான் ஏன் இவ்ளோ வேகமா எழுதறேன்னு புரியாது.

1980 ஆரம்பத்துல அலி மெட்ராஸ் வந்தார் இல்லையா, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட கண்காட்சி ஃபைட். பெரியப்பா போயிருந்தார். ராயபுரத்துல இருந்து நாலு பேர் ரெண்டு சைக்கிள்ல. எம்ஜிஆரும் அலியும் சேர்ந்து நிக்கிற படம் எங்க வீட்டு ஹால்ல ரொம்ப நாள் இருந்துச்சு, பேப்பர்ல இருந்து வெட்டி ஒட்டினது, சாமி படத்துக்குப் பக்கத்துல. அலி எவ்ளோ தூரத்துல நின்னார்னு கேட்டா ஒவ்வொரு வருஷமும் தூரம் குறையும். நான் சின்னப் பையனா இருந்தப்போ கேலரி, காலேஜ் போனப்போ பத்து அடி, இப்போ கை குடுத்துட்டார்.

அதே வருஷம் அக்டோபர்ல ஹோம்ஸ்கிட்ட அடி வாங்கின செய்தி. 10 ரவுண்டும் மூணு நடுவர் கணக்குலயும் ஹோம்ஸுக்கே, 10வது முடிஞ்சதும் அலியோட ட்ரெயினர் டண்டீ நிறுத்திட்டார். பெரியப்பா ரெண்டு நாள் யார்கூடயும் பேசலன்னு பெரியம்மா சொல்வாங்க. எங்க வீட்ல ஹோம்ஸ் பேர் கெட்ட வார்த்தை. நானே 25 வயசு வரைக்கும் அவரை ஏதோ கொலைகாரன் மாதிரித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

ஆனா ஹோம்ஸ் யாரு? ஏழாங்கிளாஸோட படிப்பை விட்டுட்டு கார் கழுவிட்டிருந்த பையன், அப்புறம் டீர் லேக் ட்ரெயினிங் கேம்புல அலியோட ஸ்பாரிங் பார்ட்னர், அதாவது பயிற்சில கூட மோதற ஆள். அலி குத்தினதுல கண்ணு கறுத்துப் போனப்போ ஐஸ் வேணாம்னாராம், ஊருக்குப் போய் காட்டணும்னு. அந்த ஆள்தான் அன்னிக்கு ரிங்குல ரெஃப்ரியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், நிறுத்துய்யான்னு. ஃபைட் முடிஞ்சு அழுதார். குருவை அடிக்கிற வேலை, அடிக்காம விட்டா தான் சாம்பியன் இல்ல. பெரியப்பாகிட்ட இதை எத்தனையோ வாட்டி சொல்லிப் பார்த்திருக்கேன். "அழுவுறவன் ஏன்டா அடிச்சான்"ம்பார். பதில் இல்ல என்கிட்ட.

மார்ச் 13

"அங்கீகாரம் இல்லன்னு யார் சொன்னா, ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காரே"ன்னு கேட்டது நியாயம்தான். 2008லயே சேர்த்துட்டாங்க. சொந்த ஊர் ஈஸ்டன்ல அவர் பேர்ல ரோடு இருக்கு, 2015ல சிலையும் வச்சாங்க. பாக்ஸர்கள்கிட்ட கேளுங்க, ஜாப்னாலே முதல் ரெண்டு மூணு பேருக்குள்ள ஹோம்ஸ் வந்துடுவார். அப்போ குறை வச்சது யாரு? நாமதான், காசு கொடுத்தோ கொடுக்காமலோ பார்க்கிற கூட்டம்.

நாமன்னு சும்மா சொல்லல. நேத்து என் போன்ல சேவ் பண்ணி வச்சிருக்கிற ஃபைட்டை எண்ணினேன். அலி 14, டைசன் 9, ஹோம்ஸ் 2. பத்து நாளா அவருக்காக வக்கீல் வேலை பார்க்கிற என்கிட்டயே 2. அந்த ரெண்டுல ஒண்ணு டைசன்கிட்ட தோத்தது, அது டைசன் கணக்குலயும் வருது.

மார்ச் 16, ஞாயிறு

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். யார் எவர்னு சொல்லாம போன்ல சத்தத்தை மூடி நார்ட்டன் ஃபைட் 15வது ரவுண்டை மட்டும் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, போனை மூஞ்சிக்கிட்ட வச்சு, வாயைத் திறந்தபடியே பார்த்தார். நடுவுல ஒருவாட்டி அவர் தோள்பட்டை தானா அசைஞ்சுது. முடிஞ்சதும் "இன்னா அடிடா இது... யாரு கெலிச்சது?"

சொன்னேன்.

போனைத் திருப்பி என் கைல வச்சார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துட்டு, "மொதல்லயே சொல்ல மாட்டியா நீ"ன்னார்.

மார்ச் 16, இரவு

கேள்வி கேட்டவர் எதுல இருந்து பார்க்கட்டும்னு கேட்டிருக்கார். நார்ட்டன் ஃபைட், 13வது ரவுண்டுல இருந்து. அப்புறம் மெர்சர் முழுசா. அலி ஃபைட் வேணாம், நானே ஒரு தடவைதான் பார்த்தேன்.